பூஸ்டர் தடுப்பூசியை எந்த அளவுகோலால் அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் கொரோனா பூஸ்டர் தடுப்பூசி குறித்து அண்மையில் வெளியான இரு கடிதங்களைப் படித்தேன். வைரஸ் ஓயாமல் உருமாறிக்கொண்டிருப்பதால் கூடுதல் தவணை போட்டுக்கொள்வது வீண் வேலை என்று ஒருவரும், புதிய திரிபு தலைகாட்டும் ஒவ்வொரு முறையும் வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரு தவணை போட்டுவிட வேண்டும் என்று மற்றொருவரும் எழுதியிருந்தார்கள். எதிரெதிர் முனைகளில் நிற்பதுபோலத் தோன்றினாலும், இருவரும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இரத்தத்தில் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை மாதத்தில் இறங்குகிறது என்பதே அது. மருத்துவக் கல்லூரியில் நீண்ட காலம் நுண்ணுயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

எங்கள் தெருவில் வசிக்கும் நீரிழிவு நோயாளியான முதியவர் ஒருவர், தனியார் ஆய்வகம் ஒன்றில் எடுத்த பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். 0.8 அலகுக்கு மேல் இருந்தால் 'பாசிட்டிவ்' என்று ஓரத்தில் அச்சிட்டிருந்தது. அவருடைய எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆயிரத்துக்கு மேல் எதிர்ப்பு சக்தி இருக்கும்போது இனி ஊசி எதற்கு என்பது அவர் கேள்வி. அந்த அறிக்கை சொன்னது இவ்வளவுதான்: சோதனைப் பெட்டியில் உள்ள வைரஸ் புரதத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் அவர் இரத்தத்தில் இருக்கின்றன. அந்தப் புரதத் துண்டு 2019-இன் இறுதியில் வூஹானில் தோன்றிய மூல வைரஸின் கூர்ப்புரதத்தை, அதாவது அதன் மேற்பரப்பில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. இன்று ஊரில் சுற்றும் திரிபை அந்த எதிர்ப்பொருள்கள் முடக்குமா என்பதற்கு அறிக்கையில் விடை கிடையாது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சில சோதனைகள் கூர்ப்புரதத்தை விட்டுவிட்டு வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. கோவிஷீல்டு உடலுக்குக் காட்டுவது கூர்ப்புரதத்தை மட்டுமே என்பதால், தொற்றே வராமல் கோவிஷீல்டு மட்டும் போட்டுக்கொண்டவருக்கு அத்தகைய சோதனையில் 'நெகட்டிவ்' என்றே வரும். செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்ட கோவாக்சின் போட்டவருக்கு 'பாசிட்டிவ்' வரலாம். இந்த வேறுபாடு தெரியாமல் ஊசி வேலை செய்யவில்லை என்று மனம் நொந்தவர்கள் பலர்.

எதிர்ப்பொருள் வைரஸை உண்மையில் முடக்குகிறதா என்று பார்க்க வேறொரு சோதனை இருக்கிறது. இரத்தத்திலிருந்து பிரித்த, எதிர்ப்பொருள்கள் அடங்கிய தெளிநீரான சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, 1-க்கு 10, 20, 40, 80 என்று படிப்படியாக இரட்டித்து நீர்க்கச் செய்வார்கள். ஒவ்வொரு படியிலும் அளந்தெடுத்த உயிருள்ள வைரஸைக் கலந்து, சிறிது நேரம் உடல் வெப்பநிலையில் வைத்திருந்து, வீரோ எனப்படும் குரங்கின் சிறுநீரகச் செல்கள் பாய்போலப் படர்ந்திருக்கும் தட்டில் ஊற்றுவார்கள். சில நாள் கழித்துச் சாயம் ஏற்றினால், எதிர்ப்பொருளிடமிருந்து வைரஸ் தப்பிய இடங்களிலெல்லாம் செல்கள் அழிந்து, ஊதா நிறப் பரப்பில் வெளிறிய புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகள் பாதியாகக் குறைவதற்கு எந்த அளவு நீர்த்த சீரம் போதுமாக இருக்கிறதோ, அந்த எண்ணே அந்தச் சீரத்தின் வலிமை. உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டுமே செய்யத்தக்க, நாள் பிடிக்கும் வேலை இது. தெருமுனை ஆய்வகத்தில் நடக்காது. இதே சோதனையை ஒரே சீரத்தை வைத்து, ஒரு தட்டில் மூல வைரஸோடும் மறு தட்டில் ஒமைக்ரானோடும் செய்து பார்த்தபோதுதான் 2021 டிசம்பரில் உலகம் திடுக்கிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆய்வாளர்கள் பைசர் தடுப்பூசி இரு தவணை போட்டவர்களின் சீரத்தைச் சோதித்ததில், ஒமைக்ரானுக்கு எதிரான முடக்கும் ஆற்றல் 22 மடங்கு சரிந்திருந்தது. 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட கூர்ப்புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு ஒமைக்ரான் வந்திருந்ததும், அவற்றில் பல நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் பகுதியிலேயே அமைந்திருந்ததும் இதற்குக் காரணம்.

முதல் கடிதம் எழுதிய வாசகர் இத்தோடு நிறுத்திக்கொண்டால் அவர் சொல்வது சரிபோலத் தெரியும். ஆனால் அடுத்து நடந்ததுதான் எதிர்ப்பாற்றலியல் படித்தவர்களையே வியக்க வைத்தது. மூல வைரஸைக் கொண்டு செய்த அதே பழைய தடுப்பூசியை மூன்றாம் முறை போட்டபோது, அந்த ஊசி ஒமைக்ரானைக் கண்ணாலும் கண்டதில்லை என்றபோதிலும், ஒமைக்ரானை முடக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. இரு தவணைக்குப் பிறகு நிணநீர் முடிச்சுகளுக்குள் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில், எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் தம் எதிர்ப்பொருளைத் திருத்தித் திருத்திச் செம்மைப்படுத்திக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறைச் செல்லிலும் சிறு மாற்றங்கள் நேர, நன்றாகப் பற்றுபவை தங்கி, பற்றாதவை கழிகின்றன. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட நினைவுச் செல்களில் சில, வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத இடங்களைக் குறிவைப்பவை. மூன்றாம் தவணை அவற்றைத் தட்டி எழுப்பிப் பெருக்குகிறது. ஆகவே, தவணைகளுக்கு இடையில் விடும் காலம் வெறும் காத்திருப்பாகக் கழிவதில்லை. அந்த இடைவெளியில்தான் உடல் தன் வேலையைப் பார்க்கிறது. எதிர்ப்பொருள் அளவு இன்னும் உச்சத்தில் இருக்கும்போதே அவசரப்பட்டு அடுத்த ஊசியைப் போட்டால், செலுத்திய புரதத்தை ஏற்கெனவே உள்ள எதிர்ப்பொருள்களே மூடி மறைத்து அப்புறப்படுத்திவிடுவதால், புதிதாக விளைவது குறைவு.

இந்தப் பலன் நிலைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட அதே ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசியை இரு தவணை போட்டுப் பின்னர் பைசரை மூன்றாவதாகப் போட்டுக்கொண்ட பிரிட்டன் மக்களிடம், ஒமைக்ரான் காலத்தில், அறிகுறியுள்ள தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு முதல் சில வாரங்களில் 62.4 சதவீதமாக இருந்து, பத்து வாரம் கடந்ததும் 39.6 சதவீதமாக இறங்கியது. இந்தச் சரிவைச் சுட்டிக்காட்டித்தான் பலரும் பூஸ்டர் தோற்றுவிட்டது என்கிறார்கள். நோயே வராமல் காப்பதும் நோய் முற்றாமல் காப்பதும் வெவ்வேறு என்பதை அவர்கள் கருதுவதில்லை. 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல தடுப்பூசிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டதில், நோயிலிருந்து மீண்டவர்களின் சராசரி எதிர்ப்பொருள் வலிமையில் ஏறத்தாழ 20 சதவீதம் இருந்தால் தொற்றிலிருந்து பாதிப் பேர் காக்கப்படுவார்கள் என்றும், கடும் நோயிலிருந்து அதே அளவு காப்பதற்கு 3 சதவீதமே போதும் என்றும் தெரியவந்தது. ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது என்பதற்காக ஊற்று வற்றிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. எதிர்ப்பொருள் இறங்குவதும் அப்படிப்பட்டதே. இரத்தத்தில் சுற்றும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும் இயல்புடையது. எலும்பு மஜ்ஜையில் குடியேறிய செல்கள் சுரந்துகொண்டிருப்பதால்தான் அது ஒரு மட்டத்தில் நிற்கிறது. நினைவுச் செல்களோ மீண்டும் வைரஸைக் கண்ட சில நாளில் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நாசியில் இறங்கிய வைரஸைத் தடுக்க அந்தச் சில நாள் தாமதம் அதிகம். நுரையீரல் கெட்டுப்போகாமல் காக்க அது பெரும்பாலும் போதும்.

இதற்கு மேல், தொற்றிய செல்களை அடையாளம் காணும் வெள்ளணுக்களான டி செல்கள் இருக்கின்றன. நான் பார்த்தவரை, ஆய்வக அறிக்கை எதிலும் இவற்றுக்கு இடமில்லை. எதிர்ப்பொருள் கூர்ப்புரதத்தின் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறது. டி செல்லோ, தொற்றிய செல் தன் மேற்பரப்பில் வெட்டிக் காட்டும் சிறு புரதத் துண்டுகளைப் பார்க்கிறது. அந்தத் துண்டுகள் புரதத்தின் முழு நீளத்திலிருந்தும் வருபவை என்பதால், முப்பது இடங்களில் மாறிய ஒமைக்ரானிலும் மாறாத துண்டுகளே மிகுதி. கலிபோர்னியாவின் லா ஹோயா நிறுவனத்தினர் பார்த்ததில் தடுப்பூசி போட்டவர்களின் டி செல் வினையில் பெரும்பகுதி ஒமைக்ரானுக்கு எதிராகவும் அப்படியே நின்றது. இன்னும் பழைய சான்று சிங்கப்பூரில் கிடைத்தது: 2003-இல் சார்ஸ் நோய் கண்டு பிழைத்தவர்களிடம் 17 ஆண்டு கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் நினைவு டி செல்கள் இருந்தன.

அப்படியானால் பழைய ஊசியையே காலமெல்லாம் போட்டுக்கொண்டிருக்கலாமா என்றால், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. உடல் முதன்முதலில் கண்ட வைரஸின் பதிவு எளிதில் அழிவதில்லை. இன்ஃபுளுயன்சாவில் இதைக் கண்டறிந்து 1960-இல் விளக்கமாக எழுதியவர் தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். மாறிய வைரஸ் வரும்போது, அதன் மாறாத பகுதிகளை அறிந்த பழைய நினைவுச் செல்களே முந்திக்கொண்டு பெருகுவதால், புதிய பகுதிகளைக் கற்றுக்கொள்ள வேண்டிய புதுச் செல்களுக்கு வாய்ப்புக் குறைகிறது. 2022 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவில் மூல வைரஸையும் ஒமைக்ரானின் பிஏ.4, பிஏ.5 கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்த இருதிரிபுத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தபோது எல்லோரும் பெரிதாக எதிர்பார்த்தார்கள். கொலம்பியா, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இரு குழுவினர் தனித்தனியே அளந்து பார்த்து, பழைய பூஸ்டரைவிட அது எதிர்ப்பொருளில் குறிப்பிடத்தக்க மேன்மை எதையும் காட்டவில்லை என்று அறிவித்தனர். ஊசியில் பழைய வைரஸ் பாதி இருந்ததே பழைய நினைவை மேலும் உறுதிப்படுத்திவிட்டது என்பது பலர் கூறிய விளக்கம். 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பின் ஆலோசனைக் குழு, இனி மூல வைரஸைத் தடுப்பூசியிலிருந்து நீக்கிவிட்டு ஒமைக்ரானின் கிளையான எக்ஸ்பிபி.1 வழிவந்த திரிபை மட்டும் வைத்துச் செய்யுங்கள் என்று சொன்னதற்குப் பின்னணி இதுவே. அவ்வாறு செய்த ஊசி எக்ஸ்பிபி கிளைகளையும், அடுத்து 2023-இன் இறுதியில் பரவிய ஜேஎன்.1-ஐயும் முடக்கும் எதிர்ப்பொருளை உயர்த்தியது. 2024-இல் ஜேஎன்.1 வழியினவற்றுக்குத் தடுப்பூசிகள் மாறின.

அந்தப் பதிவு தளரவே தளராது என்றும் எண்ண வேண்டியதில்லை. கோவாக்சினைப் போலவே செயலிழக்கச் செய்த வைரஸ் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட சீன மக்களிடம், ஒமைக்ரான் தொற்று இரண்டாம் முறை வந்த பிறகு, ஒமைக்ரானுக்கே உரிய புதிய எதிர்ப்பொருள்கள் கணிசமாக எழுந்ததைப் பீக்கிங் பல்கலைக்கழகத்தினர் காட்டியிருக்கிறார்கள்.

இங்கே நம் நாட்டு நிலைமைக்கு வருகிறேன். 2022 ஜனவரி 10 அன்று 'முன்னெச்சரிக்கைத் தவணை' என்ற பெயரில் மூன்றாம் தவணை தொடங்கியபோது, முதல் இரண்டும் எந்தத் தடுப்பூசியோ அதையே மூன்றாவதாகவும் போட வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டிலேயே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கோவிஷீல்டையும் கோவாக்சினையும் மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஆய்வு நடந்தது. கோவாக்சின் இரு தவணை போட்டவர்களுக்குக் கோவிஷீல்டை மூன்றாவதாகக் கொடுத்தபோது, மீண்டும் கோவாக்சினையே பெற்றவர்களைவிட எதிர்ப்பொருள் பல மடங்கு உயர்ந்தது. கோவிஷீல்டு போட்டவர்களுக்குக் கோவாக்சின் கொடுத்ததில் அப்படியொரு ஆதாயம் கிடைக்கவில்லை. இந்த விவரம் விதியை மாற்றவில்லை. 2022 ஆகஸ்டில்தான் ஹைதராபாத் பயாலஜிக்கல் இ நிறுவனத்தின் கார்பிவேக்ஸை மாற்று பூஸ்டராகப் போட அனுமதித்தார்கள். 2023 ஜனவரி 26 அன்று பாரத் பயோடெக்கின் மூக்குவழித் தடுப்பூசி வெளியிடப்பட்டது. கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறைக்கிறதே தவிர, வைரஸ் முதலில் வந்திறங்கும் மூக்கின் சளிப்படலத்தில் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை அவ்வளவாக உண்டாக்குவதில்லை என்பதால், இந்த முயற்சி நெறிப்படி மிகச் சரியான திசையில் வைத்த அடி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது வந்தபோது மக்களுக்குத் தடுப்பூசி என்றாலே அலுப்புத் தட்டியிருந்தது. 2023 ஜூனில் புனேயின் ஜெனோவா நிறுவனம் ஒமைக்ரானுக்கென்றே செய்த எம்ஆர்என்ஏ ஊசி, அதாவது கூர்ப்புரதத்தைச் செய்துகொள்ளும் குறிப்பை உடலின் செல்களுக்குத் தரும் ஊசி, வெளிவந்தது. குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண வெப்பநிலையிலேயே வைக்கத்தக்கது என்பது அதன் பெரும் சிறப்பு. அது குறிவைத்தது ஒமைக்ரானின் தொடக்க வடிவத்தை. அதற்குள் இங்கே எக்ஸ்பிபி.1.16 ஓர் அலையை முடித்துவிட்டிருந்தது. விஞ்ஞானிகளின் திறமையில் குறையில்லை. வைரஸின் ஓட்டத்துக்கு ஒப்புதல் நடைமுறை ஈடுகொடுக்கவில்லை.

இரண்டாவது கடிதம் எழுதிய வாசகருக்கும் ஒரு சொல். எல்லோருக்கும் ஒவ்வொரு திரிபுக்கும் ஓர் ஊசி என்பது நம் மக்கள்தொகையின் நோய் வரலாற்றை மறந்துவிட்ட யோசனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நாலாம் கட்ட ஆய்விலேயே 67.6 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அதன் பிறகு ஒமைக்ரான் வீடு வீடாகச் சென்று வந்துவிட்டது. தடுப்பூசித் தவணைகளும் 220 கோடியைத் தாண்டின. தொற்றும் தடுப்பூசியும் சேர்ந்து உருவாக்கும் எதிர்ப்பாற்றல் இரண்டில் ஒன்று மட்டும் தருவதைவிட அகலமானது என்பது திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. நோயில்லாத இருபது வயது இளைஞருக்கு இன்னொரு தவணை தரும் கூடுதல் பயன் சிறிது. அரிதினும் அரிதான பக்கவிளைவுகள்கூட அந்தச் சிறு பயனோடு வைத்துத்தான் எடைபோடப்பட வேண்டும். உலக சுகாதார அமைப்பும் 2023 மார்ச் மாதத்திலேயே முதியோர், கடும் இணைநோய் உள்ளோர், எதிர்ப்பாற்றல் குன்றியோர், கர்ப்பிணிகள், முன்களச் சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோரை முதல் வரிசையில் வைத்து, கடைசித் தவணைக்கு ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து மறுதவணை என்று வகுத்துவிட்டது.

இவர்களில் எதிர்ப்பாற்றல் குன்றியோரைப் பற்றித்தான் நம் பத்திரிகைகளில் மிகக் குறைவாக எழுதப்படுகிறது. பிரான்சின் துலூஸ் நகரில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற 101 பேருக்கு எம்ஆர்என்ஏ தடுப்பூசியை மூன்று தவணை கொடுத்துப் பார்த்தார்கள். முதல் தவணைக்குப் பின் 4 சதவீதத்தினரிடம், இரண்டாவதற்குப் பின் 40 சதவீதத்தினரிடம், மூன்றாவதற்குப் பின் 68 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் தென்பட்டது. மற்றவர்களுக்குக் கூடுதல் காப்பாக இருக்கும் மூன்றாம் தவணை இவர்களுக்கு அடிப்படைத் தடுப்பூசியின் ஒரு பகுதியே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மூன்றுக்குப் பிறகும் மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையில் முன்னணியில் நிற்கும் மாநிலம் நம்முடையது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு அன்றாடம் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மாத்திரை விழுங்குபவரும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவரும் தத்தம் மருத்துவரிடம் கேட்டால், இப்போதைய திரிபுக்கு ஏற்ற ஊசி எங்கே கிடைக்கும், எப்போது போட வேண்டும் என்று ஒரே விடை கிடைக்க வேண்டும். நான் அறிந்த நோயாளிகளுக்கு ஆளுக்கொரு விடைதான் கிடைத்திருக்கிறது.

செய்தி வெளியிடும் முறை குறித்தும் தங்களிடம் ஒரு முறையீடு உண்டு. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட மாதிரி ஒன்றில் என்பி.1.8.1 என்ற ஒமைக்ரான் வழித் திரிபு கண்டறியப்பட்டதும், அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் எண்ணிக்கை ஏறியதும், 'தடுப்பூசிக்கு அடங்காத புதிய கொரோனா' என்னும் தோரணையில் தலைப்புகள் பல ஊடகங்களில் வந்தன. அதே வேளையில் உலக சுகாதார அமைப்பு, அந்தத் திரிபைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்ததோடு, அதனால் வரும் கூடுதல் ஆபத்து குறைவு என்றும், இருக்கும் தடுப்பூசிகள் கடும் நோயிலிருந்து தொடர்ந்து காக்கும் என்றே எதிர்பார்ப்பதாகவும் கூறியிருந்தது. தட்டில் புள்ளிகள் கூடின என்பது ஒரு செய்தி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆள் கூடினர் என்பது வேறொரு செய்தி. முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதைப் போல ஒலிக்க விடுவதால், படிக்கும் முதியவர் ஒன்று பதறுகிறார் அல்லது எல்லாம் வீண் என்று இருக்கும் பாதுகாப்பையும் கைவிடுகிறார். திரிபு பற்றிய செய்தி வரும்போதெல்லாம், எதிர்ப்பொருள் எத்தனை மடங்கு குறைந்தது என்பதோடு, மருத்துவமனையில் சேர்ந்தோர் எந்த வயதினர், அவர்களுக்குக் கடைசித் தவணை போட்டு எவ்வளவு காலமாயிற்று என்ற இரு விவரங்களையும் கேட்டு வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

அரசுக்கும் இது இயலாத காரியம் இல்லை. சென்னை தேனாம்பேட்டையில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் 2021 செப்டம்பர் முதல் இயங்குகிறது. வைரஸை முடக்கும் சோதனையைச் செய்யத்தக்க தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் புனேயில் இருக்கிறது. இங்கே கண்டறியப்படும் திரிபு ஒவ்வொன்றுக்கும் எதிராக, நம் ஊர் முதியவர்களிடமும் உறுப்பு மாற்றம் பெற்றவர்களிடமும் எடுத்த சீரத்தை அங்கே சோதித்து, முடிவை ஆண்டுக்கு இருமுறை தமிழில் வெளியிடச் சொல்லி, மாநிலச் சுகாதாரத் துறை கோரிக்கை வைக்கலாம். டர்பன் மக்களின் சீரத்தையும் பிரிட்டன் மக்களின் சதவீதத்தையும் மேற்கோள் காட்டித்தான் இந்தக் கடிதத்தை நான் எழுத வேண்டியிருந்தது. கோவிஷீல்டும் கோவாக்சினும் போட்டு, டெல்டாவையும் ஒமைக்ரானையும் கண்டு வந்த நம் மக்களின் உடல் வேறு வரலாறு உடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.